மகளிடம் நேராகக் கேட்கலாமா?

நாமக்கல் அம்மா:
மகள் இரண்டாம் முறை நீட் எழுதப் படிக்கிறாள். போன வாரம் "நான் இல்லைன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றாள். ஆசையாக வைத்திருந்த வாட்டர் கலர் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். சாப்பாடும் பாதிதான். "சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும்" என்கிறார் மாமியார். பயமாக இருக்கிறது.

பள்ளி ஆசிரியை:
அம்மா, இன்றைக்கே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பல பிள்ளைகளுக்குப் பாரம்தான் இறங்கும். தனியாக உட்கார்ந்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?" என்றே கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கிடாதீர்கள். "உனக்கென்ன குறை", "அப்பா படும் பாட்டைப் பார்" இரண்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் செலவுப் பேச்சில்தான் அவள் ஏற்கெனவே நொந்திருக்கிறாள். பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவதையும் சாதாரணமாக விடாதீர்கள்.

கொல்லிமலைக்காரன்:
அக்கா, வீட்டில் பூச்சிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் இருந்தால் பூட்டிச் சாவியை நீங்களே வையுங்கள். செத்துவிடலாம் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அதைத் தாண்டிவிட்டால் பலரும் பிழைத்துக்கொள்வார்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 உதவி எண்ணும் உண்டு. "ஆமாம்" என்றால் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நாமக்கல் அம்மா:
கேட்டேன். "சில நாள் தோணுது" என்று அழுதாள். இன்று என் பக்கத்தில் படுக்க வைக்கிறேன். 14416-இல் பேசிவிட்டோம், காலையில் மருத்துவரிடம் போகிறோம்.