சக்தி குழுவின் பழைய இசைத்தட்டு உறைகள் யாரிடமாவது உள்ளனவா?

வணக்கம். கிருஷ்ணகிரியில் இசை கேட்கக் கூடும் நண்பர்களுக்காக, ஜாஸையும் கருநாடக, இந்துஸ்தானி இசைகளையும் கலந்து சோதித்த ‘சக்தி’ குழுவில் யார் எப்போது வாசித்தார்கள் என்று தொகுத்து வருகிறேன். கிதார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 1976இல் வெளியான முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்த ஆர்.ராகவன் அடுத்த தட்டுகளில் இல்லை. கட்டுரைகள் அவரை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே. 1997க்குப் பின் மாண்டலின் ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் ஆகியோர் இணைந்த காலத்திற்குச் செய்திகள் ஏராளம்.

ராகவன் வாசித்த நாட்களின் நிகழ்ச்சி அறிவிப்போ, செய்தி நறுக்கோ, தட்டின் உறையோ தருமபுரி, ஓசூர் பக்கத்து அன்பர்களிடம் இருந்தால், படமெடுத்து இங்கே பகிர வேண்டுகிறேன். நேரில் வந்து பார்க்கவும் ஆயத்தமாக உள்ளேன்.