எலெக்ட்ரான் டோமோகிராபியில் உங்களுக்கு நடந்தது என்ன?

கார்பன் மேல் பிளாட்டினம் ஏற்றிய வினையூக்கி. ஸ்டெம் (மெல்லிய எலெக்ட்ரான் கற்றையை, அதாவது பீமை, சாம்பிளுக்குள் புள்ளி புள்ளியாகச் செலுத்தி எடுப்பது) படத்தில் பார்த்தால் நானோ துகள்கள் எல்லாமே கார்பன் துளைகளுக்குள் இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் மேலே ஒட்டியது, கீழே ஒட்டியது, உள்ளே புதைந்தது மூன்றும் அந்தப் படத்தில் ஒரே இடத்தில்தான் விழும். அதனால் −70° முதல் +70° வரை இரண்டிரண்டு டிகிரியாகச் சாய்த்துப் படமெடுத்துக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டமைத்தோம்; டோமோகிராபி என்பது இதுதான். நிறைய துகள்கள் வெளிப்பரப்பில்தான் இருந்தன.

அப்புறம்தான் வேடிக்கை. உருண்டையாக இருக்க வேண்டிய துகள்கள் முட்டை வடிவில் வந்தன. நிஜமாகவே முட்டை வடிவம் என்றால் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் கிடக்க வேண்டாமா? எல்லாம் ஒரே பக்கமாக, பீம் போகும் திசையில் நீண்டு நின்றன. 70°க்கு மேல் சாய்த்தால் சாம்பிளைப் பிடித்திருக்கும் ஹோல்டரோ, அதைத் தாங்கும் கிரிட் வலையின் கம்பியோ மறைக்கிறது. அந்தக் கோணங்களின் தகவல் கிடைப்பதே இல்லை, அதனால்தான் இந்த நீட்சி. ±70°க்கு நீட்சி சுமார் 1.3 மடங்கு, ±60°யோடு நிறுத்தினால் 1.55. ஆக, உயரத்தை அளந்து கட்டுரையில் போடுபவர்கள் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்.

மறுமொழி 1
எங்களுக்குப் பெரிய தலைவலி அழுக்குதான். ஸ்கேன் செய்த சதுரம் மட்டும் மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். சாம்பிளில் ஒட்டியிருக்கும் ஹைட்ரோகார்பன் பீம் பட்ட இடத்தில் கார்பனாகப் படிகிறது. படத்துக்குப் படம் பொருளே மாறினால் எதை வைத்துப் படங்களை ஒன்றோடொன்று பொருத்துவது? இப்போதெல்லாம் பிளாஸ்மாவில் சுத்தம் செய்யாமல் எதையும் உள்ளே விடுவதில்லை.

மறுமொழி 2
படிகத் துகள்களுக்குச் சாதாரண பிரைட் ஃபீல்ட் படங்களை (நேராக ஊடுருவி வரும் எலெக்ட்ரான்களை வைத்து எடுப்பவை) வைத்து இதைச் செய்தவர்கள் உண்டா? ஒரு கோணத்தில் துகள் திடீரென்று கன்னங்கரேலென்று ஆகிவிடும், அடுத்த கோணத்தில் பழையபடி. தடிமன் மாறவில்லை, டிஃப்ராக்‌ஷன் (படிக அடுக்குகள் எலெக்ட்ரான்களை வேறு திசைக்குத் திருப்புவது) செய்யும் வேலை அது. கணினிக்கு அது புரியாது. 1968-இல் டி ரோசியரும் க்ளூக்கும் டி4 வைரஸின் வாலை முப்பரிமாணத்தில் கட்டியபோது, அது படிகமல்ல என்பதால், இந்தத் தொல்லை இல்லை. நமக்கு ஹாடிஃப்தான் (HAADF, அதிகக் கோணத்தில் சிதறும் எலெக்ட்ரான்களை வைத்து எடுக்கும் ஸ்டெம் படம்) சரி. பிரகாசம் ஏறக்குறைய அணு எண்ணின் வர்க்கத்தை ஒட்டி ஏறும்.

மறுமொழி 3
ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிகேட் படிகம்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எல்லாக் கோணமும் முடிந்ததும் திரும்ப 0°க்கு வந்து ஒரு படம் எடுங்கள். முதலில் எடுத்த 0° படத்தோடு பொருந்தவில்லை என்றால் பீம் சாம்பிளைத் தின்றுவிட்டது. அந்த செட்டைக் கட்டமைக்க உட்காராதீர்கள்.