கொடிக்கம்பம் என்று நினைத்துச் சாய்ந்தேன்

மழைக்காகம்:
யார்க்‌ஷயரில் ஒரு பழைய பிரபு மாளிகை. காய்கறித் தோட்ட மதிலை ஒட்டி நெடிய வார்ப்பிரும்புக் கம்பம், உச்சியில் கிரீடம். கொடிக்கம்பம்தானே என்று சாய்ந்து நின்று மகளைப் படம் எடுக்கச் சொன்னேன். காதோரம் ‘களக்’ என்றது. மாளிகையில் யாரோ கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். அது என் முதுகுக்குப் பின்னால் மண்ணுக்குள் உருண்டு போயிற்று. நாற்றம் துளியும் இல்லை. அந்தச் சத்தம்தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. வேறு யாருக்காவது கேட்டிருக்கிறதா?

பழஞ்சாவி:
அது கொடிக்கம்பம் இல்லை ஐயா, சாக்கடைக் காற்றை உயரே வெளியேற்றும் குழாய். உச்சியில் இருப்பதும் கிரீடம் இல்லை, பறவை கூடு கட்டாமல் இருக்க வைத்த கம்பிக்கூண்டு. 1871இல் ஸ்கார்பரோவில் லண்டஸ்பரோ பிரபுவின் மாளிகையில் தங்கிப்போன வேல்ஸ் இளவரசருக்கு டைபாய்டு. உடன் தங்கிய செஸ்டர்ஃபீல்டு பிரபு இறந்தே போனார். பழி சாக்கடைமேல் விழுந்தது. சாக்கடைக் காற்றே நோய் என்று நம்பிய காலம். நம்பிக்கை தப்பு, குழாய் சரி! லண்டன் கார்ட்டிங் சந்து விளக்கு சாக்கடை வாயுவில் எரிகிறது என்று என்னிடமும் ஒரு வழிகாட்டி அளந்தார். பாதிப் பொய். எரிந்தது ஊர் எரிவாயு. அதன் சூடு சாக்கடைக் காற்றை மேலே இழுத்தது.

சிட்னிக்காரி:
நீங்கள் சாய்ந்தீர்கள், நான் சாப்பிட்டேன். எங்கள் சிட்னி ஹைட் பூங்காவில், எகிப்திய பாணித் தூபி நிழலில் தயிர்சாதம். பாதி டப்பா காலியான பிறகு தோழி சொல்கிறாள், அது 1857இல் கட்டிய சாக்கடைப் புகைபோக்கியாம். அன்றைய மேயர் பெயரை வைத்து ‘தார்ன்டனின் வாசனைக் குப்பி’ என்று ஊரார் கேலி செய்தார்களாம். மூடிவிட்டேன், டப்பாவை.

ஓட்டுக்கூரை:
நாங்கள் வாடகைக்கு இருந்த பண்ணை வீட்டில் அசிங்கமாக இருக்கிறதென்று இதே மாதிரிக் குழாயின் வாயில் வாளியைக் கவிழ்த்தேன். மறுநாள் கழிப்பறை நாறியது. அவ்வளவுதான் கதை. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அதை அடைக்காதீர்கள். காற்று நுழைய வழியில்லாவிட்டால், இறங்கும் தண்ணீர், கழிப்பறைக் கோப்பை வளைவில் தேங்கி வாயுவைத் தடுக்கும் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அந்த நீர் வற்றாமல் இருக்க, புழங்காத குளியலறையில் வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கழிவுநீர்த் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற சாக்கடை நச்சுவாயு மிகுந்தால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதென்று ஏமாந்துவிடுவீர்கள். ஊரில் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். கட்டியதோடு விடாமல், கிழிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.