விற்பனைக்கு ஃப்ளாட் போட்டோ: ஜன்னல் வெளுக்கிறது, சுவர் சாய்கிறது, கிச்சனில் பட்டை விழுகிறது. உதவி தேவை

கேள்வி

வணக்கம். மடிப்பாக்கத்தில் 2 பெட்ரூம் ஃப்ளாட், 940 சதுர அடி, இரண்டாவது மாடி. விற்பனை விளம்பரத்துக்குப் படம் வேண்டும். ஹாலின் பால்கனி கிழக்குப் பார்த்தது. காலை 9 மணிக்கு மொபைலில், கையில் பிடித்தே எடுத்தேன். பால்கனிக் கதவு வெறும் வெள்ளையாக வருகிறது. அதைச் சரிசெய்தால் ஹால் இருட்டாகிவிடுகிறது. ஒரே சுவர் பாதி மஞ்சள், பாதி நீலம். 0.5 லென்ஸில் எடுத்தால் ஹால் ரயில் பெட்டி மாதிரி நீள்கிறது, சுவரெல்லாம் வெளிப்பக்கம் சாய்கிறது. கிச்சன் படத்தில் கப்போர்டு கதவின் மேல் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன. கதவைத் துடைத்துவிட்டு எடுத்தும் போகவில்லை. நண்பரிடம் 18-55 லென்ஸோடு ஒரு டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. அதை வாங்கி எடுத்தால் சரியாகுமா?

பதில் 1

கேமராவை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். அந்த டிஎஸ்எல்ஆரில் 18 மி.மீ. என்பது முழுச் சட்டக் கணக்கில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரை வைத்துச் சொல்வது) 27 முதல் 29 மி.மீ. வரைதான். உங்கள் மொபைலின் 1 லென்ஸ் பொதுவாக 24 முதல் 26 மி.மீ. இருக்கும். மி.மீ. எண் கூடக்கூடப் படத்தில் அறை குறைவாக அடங்கும். ஆக, மொபைலைவிடக் குறைவாகத்தான் அறை அடங்கும். டிஎஸ்எல்ஆரில்தான் எடுப்பீர்கள் என்றால் 10-18 மாதிரி அகல லென்ஸ் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

கிழக்குப் பால்கனியில் காலை 9 மணிக்கு வெயில் நேராகத் தரையில் விழும். வெயில் பட்ட டைலுக்கும் சோபாவின் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த கேமராவும் ஒரே கிளிக்கில் பிடிக்காது. ஹாலையும் கிழக்கு ஜன்னல் உள்ள பெட்ரூமையும் மதியம் 1 மணிக்கு மேல் எடுங்கள். மேற்கு ஜன்னல் உள்ள அறையை அன்று காலையிலேயே முடித்துவிடுங்கள். நிற்கும் இடமும் முக்கியம். பால்கனியை நேருக்கு நேர் பார்த்து நிற்காமல், பால்கனிப் பக்கச் சுவரோரம் நின்று உள்நோக்கி எடுங்கள். வெளிச்சம் உங்கள் தோளைத் தாண்டி அறைக்குள் போகும், சுவர் நிறம் சுத்தமாக வரும். பால்கனி தெரிகிற படம் ஒன்று இருந்தால் போதும்.

அந்த ஒரு படத்துக்கு ட்ரைபாட் கட்டாயம். டிஎஸ்எல்ஆர் என்றால் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் ஒளி உணர்வு) வைத்து, ஷட்டரை மட்டும் மாற்றி மூன்று படம்: சரியான வெளிச்சத்தில் ஒன்று, 2 ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) ஒன்று, 2 ஸ்டாப் கூட்டி ஒன்று. பிறகு மூன்றையும் லைட்ரூம் செயலியில் சேர்க்கலாம். மொபைல் என்றால், ஜன்னலுக்கும் தரைக்கும் நடுவே உள்ள சுவரில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். மொபைலின் எச்டிஆர் (பல வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வசதி) மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஃபேனை நிறுத்துங்கள், திரைச்சீலை ஆடாமல் கட்டிவிடுங்கள். படங்களைச் சேர்க்கும்போது ஆடியதெல்லாம் பேய் மாதிரி இரட்டையாகத் தெரியும்.

பதில் 2

மஞ்சளும் நீலமும் எதனாலன்னா, சீலிங் பல்பு வார்ம் ஒயிட், 3000 கெல்வின். ஜன்னல்ல வர்ற வானத்து வெளிச்சம் 6500-க்குப் பக்கம். கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலமா இருக்கும். கேமரா ரெண்டுல ஒண்ணைத்தான் வெள்ளைன்னு எடுத்துக்கும். மஞ்சள் பல்பு, ஃபால்ஸ் சீலிங் ஓர லைட்டு எல்லாத்தையும் அணைங்க. டியூப் லைட் டப்பால கூல் டேலைட் 6500 கெல்வின்னு போட்டிருந்தா அதை எரிய விடலாம், ஜன்னல் வெளிச்சத்தோட ஒத்துப்போகும். ஒவ்வொரு அறையிலயும் முதல்ல ஒரு வெள்ளை ஏ4 தாளைச் சுவர்ல பிடிச்சு ஒரு படம் எடுத்து வைங்க. அப்புறம் எடிட் பண்றப்ப அந்தத் தாளைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் வச்சா, அந்த அறையோட மத்த படத்துக்கும் அதே அளவு போதும்.

கேட்டவர்

நன்றி சார். மதியம் எடுத்ததில் ஹால் நன்றாக வந்துவிட்டது. கிச்சனில் டியூப் லைட் மட்டும்தான் எரிகிறது, ஆனாலும் பட்டை அப்படியே இருக்கிறது.

பதில் 3

அது கதவில் உள்ள அழுக்கு இல்லை, எல்இடி டியூப் லைட்டின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டிரைவர் (விளக்குக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) சுமாராக உள்ள எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. மொபைல் சென்சார் படத்தை வரி வரியாக வாசிப்பதால், விளக்கு மங்கும் நேரத்தில் வாசித்த வரிகள் இருண்ட பட்டையாகப் பதிகின்றன. உங்கள் கிச்சனில் ஜன்னல் பக்கத்திலேயே இருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று மொபைல் 1/250 நொடிக்கு மேலே போயிருக்கும். ஷட்டர் வேகம் கூடக்கூடப் பட்டையும் அழுத்தமாகும்.

மொபைல் கேமராவின் புரோ மோடில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) போய் ஷட்டரை 1/50 வையுங்கள். 1/100, 1/25 கூடச் சரி. படம் வெளுத்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். கை நடுங்காமல் இருக்க 2 நொடி டைமர். புரோ மோடு இல்லாத மொபைல் என்றால் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள்.

பதில் 1

சுவர் சாய்வதைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நின்றபடி கண் உயரத்தில் பிடித்து, தரையும் தெரியட்டும் என்று மொபைலைக் கீழே குனிக்கிறீர்கள். அதனால்தான் சுவர்கள் மேலே விரிகின்றன. குனிப்பதற்குப் பதிலாக மொபைலையே இறக்குங்கள். ஹாலிலும் பெட்ரூமிலும் தரையிலிருந்து சுமார் 4 அடி. கிச்சனில் நாலரை அடி, அப்போதுதான் மேடையின் கல் கொஞ்சம் தெரியும். கிரிட் கோடுகளைப் போட்டு, கதவு நிலையின் ஓரம் அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அரை விரல் விலகினாலும் தெரியும். மிச்சம் உள்ள சாய்வை ஸ்னாப்ஸீட் செயலியில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நிமிர்த்தலாம். ஓரம் வெட்டுப்படும், அதற்காகக் கொஞ்சம் இடம் விட்டே எடுங்கள்.

0.5 லென்ஸை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அது சுமார் 13 மி.மீ.; ஓரத்தில் நிற்கும் ஃபிரிட்ஜ் பீரோ அகலத்துக்கு இழுபடும். விரலால் 0.7 வரை ஜூம் செய்தால் 18 மி.மீ. அளவுக்கு வரும், இழுபடும் ஓரம் போய்விடும். 10க்கு 11 அறையை மண்டபம் மாதிரி காட்டினால், பார்க்க வருபவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். அந்த ஏமாற்றத்தோடு அவர் சமையலறையைக்கூட ஒழுங்காகப் பார்க்கமாட்டார்.

பதில் 4

எடுப்பதற்கு முன்: பாத்ரூம் பக்கெட், மக், தொங்கும் துண்டு, கால்மிதி, ஃபிரிட்ஜ் மேல் உள்ள காந்தங்கள், தினசரி காலண்டர் எல்லாம் வெளியே. டாய்லெட் மூடியை மூடுங்கள். தரையைத் துடைத்தால் நன்றாக உலரவிடுங்கள், விட்ரிஃபைட் டைலில் ஈரக் கோடு அப்படியே பளிச்சென்று தெரியும். குடும்பப் படங்கள், கதவெண், வண்டி நம்பர் எதுவும் வேண்டாம்; மொபைலில் லொகேஷனையும் அணைத்துவிடுங்கள். சுவரில் ஓதம் இருந்தால் எடிட்டில் அழிக்காதீர்கள், வாங்குபவருக்குச் செய்யும் துரோகம் அது. புரோக்கருக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

கேட்டவர்

1/50 வைத்ததும் பட்டை போய்விட்டது சார், மிக்க நன்றி. இப்போது பாத்ரூம் மட்டும் பாக்கி. எங்கே நின்றாலும் கண்ணாடியில் நான் தெரிகிறேன்.

பதில் 3

உள்ளே நிற்காதீர்கள். கதவுக்கு வெளியே, கண்ணாடி இருக்கும் சுவரோரமாக மொபைலை ட்ரைபாடில் வைத்து, டைமர் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். அந்தக் கோணத்தில் கண்ணாடியில் எதிர்ச் சுவர் டைல்தான் தெரியும். அப்படியும் ட்ரைபாட் கால் தெரிந்தால் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்த்துங்கள், உயரத்தை மாற்ற வேண்டாம்.