கோர் பேங்கிங்: 'ஓரேட்டு வங்கிமுறை' என்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வங்கி மென்பொருள் செய்யும் ஐ-பிளெக்ஸ் நிறுவனத்தின் வரலாற்றுக் கட்டுரையில், எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒன்றாக வைத்து நடத்தும் கோர் பேங்கிங் முறைக்கு 'மைய வங்கியியல்' என்று போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மைய வங்கி என்றால் நமக்கு ரிசர்வ் வங்கி. 'மைய வங்கி மென்பொருள் விற்றார்கள்' என்று படிப்பவர், ரிசர்வ் வங்கிக்கு விற்றார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் குழுவில் ஐயா ஒருவர் அதற்கு முன்வைத்த 'கருவங்கி'யும் ஒட்டவில்லை. இனிமேல்தான் வளரப்போகிற வங்கி என்று காதில் விழுகிறது.

ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு, நடந்த மாற்றத்தைப் பார்ப்போம். நான் எழுத்தராகச் சேர்ந்த காலத்தில் பாஸ்புக்கில் கணக்கு எண்ணோடு பேரேட்டுப் (லெட்ஜர்) பக்க எண்ணும் இருக்கும். பணம் எடுக்க ஒருவர் வந்தால் அந்தத் தடித்த பேரேட்டைத் தூக்கிவந்து, பக்கத்தைப் புரட்டி, இருப்பைப் பார்த்துப் பற்று எழுதி, அதிகாரி சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவோம். அதே வங்கியின் அடுத்த தெருக் கிளைக்கு அவர் போனால், அங்கே அவர் யாரோ! வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்த பிறகு பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் வந்தன. அப்போதும் தாள்தான் போனது, ஏடு கிளையை விட்டு நகரவில்லை.

ஏடு கிளையை விட்டு வங்கிக்குப் போனதே கோர் பேங்கிங். கிளையின் வாடிக்கையாளர் வங்கியின் வாடிக்கையாளர் ஆனார். ஆகவே என் பரிந்துரை: ஓரேடு. ஓரிடம், ஓராண்டு போல இயல்பான புணர்ச்சி. பேரேட்டோடு ஓசையும் இசைகிறது. 'பொதுப்பேரேடு' கூடாது, அது கணக்கியலில் ஜெனரல் லெட்ஜருக்கு வழங்கும் பெயர். 'ஒற்றை' என்று தொடங்கினால் ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒருமுறை மட்டும் பதியும் ஒற்றைப்பதிவு முறையோடு குழம்பும்.

'தரவு பல சேவையகங்களில் படியெடுத்து வைக்கப்படுகிறதே, ஓரேடு எப்படி?' என்று ஒரு மடலில் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. படிகள் எத்தனை இருந்தாலும் ஒரு கணக்குக்குச் செல்லுபடியாகும் இருப்பு ஒன்றுதான். சொல் குறிப்பது அந்த ஒருமையை, வன்பொருளை அல்ல.

கட்டுரையில் வைத்துப் பார்த்தேன்: "சிட்டிகார்ப்பின் துணை நிறுவனமாக, சிட்டில் என்ற பெயரில் தொடங்கி மைக்ரோபேங்கர் என்ற வங்கி மென்பொருளை விற்றுவந்த இந்நிறுவனம், 1997இல் பிளெக்ஸ்கியூப் என்ற ஓரேட்டு வங்கி மென்பொருளை வெளியிட்டது. 2000இல் ஐ-பிளெக்ஸ் சொல்யூஷன்ஸ் ஆனது. 2005இல் சிட்டிகுரூப்பிடமிருந்த பங்குகளை ஆரக்கிள் வாங்க, 2008இல் ஆரக்கிள் பைனான்சியல் சர்வீசஸ் சாப்ட்வேர் என்று பெயர் மாறியது." எங்கும் இடறவில்லை. அந்த இரண்டு மென்பொருள்களின் பெயரிலும் 'கோர்' கிடையாது என்பதையும் கவனியுங்கள். அந்தச் சொல்லை நாம் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

'எங்கள் கிளை ஓரேட்டுக்கு மாறிய வருடம்' என்று பேச்சிலும் வருகிறது. கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் 'கோர் பேங்கிங் எனப்படும் ஓரேட்டு வங்கிமுறை' என்று எழுதி, பிறகு ஓரேடு என்றே தொடரலாம். மறுப்பு இருப்பவர்கள், மாற்றுச் சொல்லை இதே பத்தியில் பொருத்திக் காட்டுங்கள்.