விண்டோ நிற்கும் இடத்தை டெஸ்ட் செய்தவர்களின் அனுபவங்கள்

எங்கள் அப்ளிகேஷனை மூடும்போது விண்டோ எங்கே இருந்ததோ, அடுத்த முறை அங்கேயே திறக்க வேண்டும். இதற்கென எழுதிய டெஸ்ட் சிஐ சர்வரில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் கணினியில்) எப்போதும் பச்சைதான், அதாவது பாஸ். ஆனால் என் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் திறக்கத் திறக்க விண்டோ கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் சரியாக டைட்டில் பார் உயரம்.

சிஐயில் எக்ஸ்விஎஃப்பி என்ற, நிஜத் திரையில்லாமல் ஓடும் டிஸ்ப்ளே சர்வர் மட்டும்தான் ஓடுகிறது, விண்டோக்களுக்கு ஃபிரேம் போட்டு இடம் தரும் விண்டோ மேனேஜர் கிடையாது. அதனால் டைட்டில் பாரும் இல்லை, பார்டரும் இல்லை. எங்கள் கோட் சேமித்தது உள்பகுதியின் மூலையை. திறக்கும்போது அதையே வெளிப்புற ஃபிரேமின் மூலையாக எடுத்துக்கொண்டது. ஃபிரேமே இல்லாத சர்வரில் இரண்டும் ஒரே புள்ளி, அப்புறம் டெஸ்ட் எப்படித் தோற்கும்?

சிஐயில் ஓபன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரைச் சேர்த்ததும் பக் உடனே பிடிபட்டது. கூடவே புதுத் தலைவலி: அதே டெஸ்ட் சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11-இல் விண்டோ மேனேஜர் இருந்தால் "நகர்த்து" என்பது வெறும் கோரிக்கை. மேனேஜர் அதை ஏற்கலாம், மாற்றலாம், மறுக்கலாம். பதிலும் பிறகுதான் வரும். கட்டளை கொடுத்த கையோடு இடத்தைக் கேட்டால் பழைய இடத்தையே சொல்லும். பலர் இங்கே அரை விநாடி சும்மா காத்திருக்க ஸ்லீப் போட்டுவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இடம் மாறும்வரை திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு டைம்அவுட் வைப்பதே மேல்.

*

விண்டோஸ் கதையையும் கேளுங்க. விண்டோஸ் 10-இல் விண்டோவைத் திரையின் இடது ஓரத்தில் ஒட்டிவைத்தால், விண்டோவின் இடத்தைச் சொல்லும் கெட்விண்டோரெக்ட் ஃபங்ஷன் இடது ஓரத்துக்கு 0 தராது, 100% ஸ்கேலிங்கில் பொதுவாக -7 தரும். கண்ணுக்குத் தெரியாத ரீசைஸ் பார்டரையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஓரம் வேண்டுமென்றால், விண்டோக்களைத் திரையில் சேர்த்துக் காட்டும் விண்டோஸ் பகுதியான டிடபிள்யூஎம்மிடம்தான் கேட்க வேண்டும்.

மினிமைஸ் ஆன விண்டோவோ (-32000, -32000)-இல் இருப்பதாகச் சொல்லும். நான் பார்த்த ஒரு அப்ளிகேஷன், மினிமைஸில் இருக்கும்போது மூடினால் அந்த எண்ணையே சேமித்துவிடும். மறுமுறை டாஸ்க்பாரில் ஐகான் தெரியும், ஆளைக் காணோம்! "மைனஸ் வந்தால் ஃபெயில்" என்று டெஸ்ட் எழுதவும் முடியாது, இடப்பக்கம் இரண்டாவது மானிட்டர் வைத்திருப்பவருக்கு மைனஸ்தான் சரியான விடை. ஏதாவது ஒரு மானிட்டருக்குள் டைட்டில் பார் பிடித்து இழுக்கும் அளவுக்குத் தெரிகிறதா என்று சோதிப்பதே எனக்குப் பயன்பட்டது.

*

லினக்ஸில் எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்டுக்கு மாறியவர்களுக்கு இந்த வம்பே இல்லை. அங்கே விண்டோக்களுக்கான விதிமுறையான எக்ஸ்டிஜி-ஷெல்லில் அப்ளிகேஷன் தன் முதன்மை விண்டோவுக்கு இடம் கேட்கவும் முடியாது, இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளவும் முடியாது. அங்கே இந்த டெஸ்ட்டுகளை ஸ்கிப் செய்துவிட்டோம். மெனு, டூல்டிப் மட்டும் தாய் விண்டோவை ஒட்டி இடம் கேட்கலாம். திரை விளிம்பில் மெனு எதிர்ப்பக்கம் புரண்டு திறக்கிறதா என்பதைத்தான் இப்போது கவனமாக டெஸ்ட் செய்கிறோம்.