செமினார் என்றாலே வாயடைத்துப் போகிறார்கள்: தமிழ் வழி மாணவர்களை ஆங்கிலத்தில் பேசவைப்பது எப்படி?

கேள்வி (இயற்பியல் டீச்சர்):
விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. முதலாமாண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன். 42 பேரில் 29 பேர் பிளஸ் டூ வரை தமிழ் வழி. போர்டில் கணக்கைத் தப்பில்லாமல் போட்டுவிடுவார்கள். 'இதை வாயால் சொல்லு' என்றால் சாக்பீஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் விடுபடு வேகத்தை (ஒரு கோளின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம்) தமிழில் அவ்வளவு அழகாக விளக்கினான். ஆங்கிலத்தில் 'மாஸ்... ரேடியஸ்... ஈக்வல் டு...' என்பதோடு நின்றுவிட்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. பாடச்சொல் தெரிகிறது, அதைக் கோக்கிற அஸ்யூம், அப்டெய்ன், சப்ஸ்டிடியூட், ஹென்ஸ் மாதிரிச் சொற்கள்தான் வருவதில்லை. பட்டியல் கொடுத்தேன், டெஸ்டில் எழுதினார்கள், பேச்சில் ஒன்றுகூட வரவில்லை. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். என்ன செய்யலாம்?

பதில் 1 (ஆங்கிலத் துறை):
இந்த நான்குமே மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச்சொல் பட்டியலில் (எல்லாத் துறைப் பாடநூல்களிலும் அடிக்கடி வருகிற ஆங்கிலச் சொற்கள்) இருக்கின்றன. மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் பிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), அத்தனையையும் கொடுக்காதீர்கள். அந்த வாரப் பாடத்தில் வருகிற 5 போதும், அதுவும் முழு வாக்கியமாக. அப்புறம் 4/3/2 செய்து பாருங்கள். ஒரே விஷயத்தை ஒருவனிடம் 4 நிமிடம், அடுத்தவனிடம் 3, மூன்றாமவனிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் மாறுவதால் திரும்பச் சொல்வது செயற்கையாக இருக்காது. நேரம் குறையக் குறையத் தயக்கமும் குறையும். உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் 3/2/1 வையுங்கள்.

பதில் 2 (தமிழ் வழியில் படித்தவன்):
டீச்சர், அந்தச் சொற்கள் எங்களுக்குத் தமிழில் ஏற்கெனவே தெரியும். 'எனக் கொள்வோம்', 'பிரதியிட', 'தருவி', 'எனவே' என்று எத்தனை தடவை எழுதியிருப்போம்! அதற்குப் பக்கத்திலேயே ஆங்கிலத்தை எழுதிப் போடுங்கள். உச்சரிப்பையும் முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். டெரிவேஷன் தெரியும் என்பதால் 'டெரைவ்' என்று சொல்ல வேண்டியதை நான் 'டெரிவ்' என்றேன், வகுப்பே சிரித்தது. அந்த செமஸ்டர் முழுக்க நான் வாய் திறக்கவில்லை. பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள், குறித்துவைத்து அப்புறம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
'எனக் கொள்வோம்' எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி. ரொம்ப நன்றி. வியாழக்கிழமை பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு 21 ஜோடியாக உட்காரவைக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரிசை மட்டும் ஓர் இடம் நகரும். அந்தப் பையன் முதல் மூன்று சுற்றும் கேட்கட்டும். அவன் முறை வரும்போது அதே விடுபடு வேகத்தையே கொடுக்கிறேன்.